டிஸ்க் மாற்றச் சொன்ன கன்சோல்: எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஏழு ஜிபி கணக்கு

2013 செப்டம்பர் 17 அன்று 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' (சுருக்கமாக ஜிடிஏ 5) என்ற வீடியோ கேம், டிவியில் இணைத்து ஆடும் இரண்டு கன்சோல்களுக்கு ஒரே நாளில் வெளியானது. பிளேஸ்டேஷன் 3 பெட்டிக்குள், டிவிடியைவிட அதிகம் பிடிக்கும் ஒரு ப்ளூ-ரே டிஸ்க். எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிக்குள் இரண்டு டிவிடி. முதல் டிவிடியின் வேலை ஹார்டு டிஸ்க்கில் 8 ஜிபியை இறக்கி வைப்பது மட்டும்தான். அது முடிந்ததும் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடலாம். இரண்டாவது டிவிடியை டிரைவில் போட்டுத்தான் விளையாட வேண்டும். கூடவே கேமைச் செய்த ராக்ஸ்டார் நிறுவனம் ஓர் அறிவுரையும் சொன்னது: இரண்டாவது டிஸ்க்கை மட்டும் ஹார்டு டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

360 வைத்திருந்தவர்களுக்கு இது புதிராக இருந்தது. அவர்களுக்குத் தெரிந்த பாடமே வேறு. எந்த கேமையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டால் லோடிங் நேரம் குறையும், டிரைவ் போடும் பெரிய இரைச்சலும் அடங்கும். இந்த ஒரு கேமுக்கு மட்டும் ஏன் தலைகீழ்?

டிஸ்க்கில் இடம் போதாவிட்டால் கேம் சின்னதாகிவிடும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். 360-இன் எட்டு வருடக் கதையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேமின் நீளம் பெரும்பாலும் தப்பித்துவிட்டது. இடம் போதாத இடத்தில் இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அடிவாங்கியது வேறு ஒன்று: ஏற்கெனவே போன இடத்துக்கு நினைத்தபோது திரும்பிப் போகும் சுதந்திரம். அதை மீட்டுக் கொடுத்ததும் பெரிய டிஸ்க் இல்லை, ஹார்டு டிஸ்க்.

2005: டிவிடியே போதும்

எக்ஸ்பாக்ஸ் 360 அமெரிக்காவில் 2005 நவம்பர் 22 அன்று விற்பனைக்கு வந்தது. டிவிடிக்கு அடுத்து வரப்போவது ப்ளூ-ரேயா, எச்டி டிவிடியா என்ற சண்டை அப்போது முடிந்திருக்கவில்லை. இரண்டு டிரைவுமே விலை அதிகம். மைக்ரோசாஃப்ட் பழைய டிவிடியோடு நின்றுகொண்டது. ஒரு வருடம் கழித்து 199 டாலருக்கு எச்டி டிவிடி டிரைவ் ஒன்றைத் தனியாக விற்றது. அது படம் பார்க்க மட்டும், கேமுக்கு இல்லை. 2008 பிப்ரவரியில் டோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டதும் அந்த டிரைவும் கடையை மூடியது.

சோனி எதிர்த்திசையில் போனது. 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3 ஒவ்வொன்றிலும் ப்ளூ-ரே டிரைவ், ஹார்டு டிஸ்க் இரண்டும் உண்டு. 60 ஜிபி மாடலின் விலை 599 டாலர். நீல லேசர் டயோடு தட்டுப்பாட்டால் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச் வரை தள்ளிப்போனது. 360-இன் விலையோ 399 டாலர். ஹார்டு டிஸ்க் இல்லாத 'கோர்' மாடல் 299 டாலர். கடையில் பர்ஸைத் திறந்தபடி நிற்பவருக்கு எது கவர்ச்சியாக இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் டிவிடியைவிட இந்த 299 டாலர் மாடல்தான் பெரிய முடிவு. ஹார்டு டிஸ்க் இல்லாத ஒரு கன்சோல் சந்தையில் இருந்தால், கேம் செய்பவர் ஹார்டு டிஸ்க்கை நம்பி எதையும் கட்ட முடியாது. நகரமோ குகையோ போர்க்களமோ, எல்லாவற்றையும் ஓடும் டிஸ்க்கிலிருந்தே நேரடியாகப் படித்தாக வேண்டும். டிஸ்க்கின் கொள்ளளவு கேமின் வடிவத்தைத் தீர்மானிக்க ஆரம்பித்தது இந்த இடத்தில்தான்.

கையில் கிடைத்த இடம்

இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி பிடிக்கும். 360 கேம் டிஸ்க்கில் அதில் ஒரு பகுதி காப்பிப் பாதுகாப்புக்குப் போனது. சாதாரண டிவிடி பிளேயரில் தவறிப் போட்டுவிட்டால் 'இதை எக்ஸ்பாக்ஸ் 360-இல் போடவும்' என்று காட்டும் வீடியோவுக்கும் ஒரு பகுதி போனது. கேமுக்கு மிஞ்சியது சுமார் 7.3 ஜிபி, 1000-க்குப் பதில் 1024 வைத்து எண்ணும் கம்ப்யூட்டர் கணக்கில் 6.8. 2011-இல் டிஸ்க் அமைப்பை மாற்றி இன்னும் ஏறக்குறைய 1 ஜிபியை விடுவித்தார்கள். ப்ளூ-ரேயில் ஓர் அடுக்கு 25 ஜிபி, இரண்டு அடுக்கு 50.

இந்த இடத்தைத் தின்பது எது? கேமின் விதிகள், எதிரிகளின் நடத்தை, கணக்குகள் எல்லாம் தூசு. இடத்தை அள்ளுபவை மேற்பரப்புப் படங்கள், ஒலி, எல்லாவற்றுக்கும் மேலாக முன்கூட்டியே தயாரித்த வீடியோ. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் சுருக்கினால் ஒரு மணி நேர வீடியோ 4.5 ஜிபி ஆகும். இரண்டு மணி நேரக் கட்சீன் (இடையே கதை சொல்லும் வீடியோ) வைத்திருக்கும் ஒரு ஜப்பானிய ஆர்பிஜிக்கு (பாத்திரமேற்று ஆடும் நீண்ட கதை கேமுக்கு) 360 டிஸ்க் அத்துடன் காலி. இன்னும் கேமே உள்ளே போகவில்லை.

'ஃபைனல் ஃபேண்டஸி 13' இதற்கு நல்ல உதாரணம். ஜப்பானில் 2009 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும் வந்தது. மற்ற நாடுகளுக்கு 2010 மார்ச் 9 அன்று இரண்டு கன்சோல்களிலும் வந்தது. சோனி பக்கம் ஒரே ப்ளூ-ரே, 1080பி வீடியோ. 360 பக்கம் மூன்று டிவிடி, வீடியோ இன்னும் இறுக்கிச் சுருக்கப்பட்டது. புகையும் பொறியும் பறக்கும் காட்சிகளில் படம் கட்டம் கட்டமாக உடைவது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகவே தெரியும்.

இந்த கேமைப் பற்றி அப்போது ஒரு பெரிய சண்டை நடந்தது. முதல் பத்து அத்தியாயங்கள் ஒரே நேர்ப்பாதை, பக்கவாட்டில் போக வழியே இல்லை; 360-க்கும் கொண்டுவந்து டிவிடிக்குள் அடைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று சோனி ரசிகர்கள் திட்டினார்கள். 360 பதிப்பின் வாசனையே இல்லாமல் ஜப்பானில் வந்த டிஸ்க்கிலும் அதே நேர்ப்பாதைதான். பழி தப்பான ஆள்மேல் விழுந்தது. 1998-இல் வந்த 'செனோகியர்ஸ்' கேமிலும் இதே கதை. அதன் இரண்டாவது சிடி கதையை வெறும் வசனமாகச் சொல்லிக்கொண்டு ஓடும். இடமில்லையோ, பணமில்லையோ என்று பல வருடம் பேசினார்கள். கடைசியில் அதன் இயக்குநர் டெட்சுயா தகஹாஷியே, குறித்த காலத்துக்குள் வேலை முடியவில்லை, அதனால்தான் என்று சொன்னார்.

கோட்டை எங்கே போடுவது

ஒரு கேமை இரண்டு டிஸ்க்காக வெட்டுவதென்றால் கோட்டை எங்கே போடுவது? கதை ஒரே திசையில் ஓடினால் தொல்லை இல்லை. ஓர் அத்தியாயம் முடிகிறது, 'அடுத்த டிஸ்க்கைப் போடவும்' என்று திரையில் வருகிறது, எழுந்து போய் மாற்றிவிட்டு வரும் வழியில் தண்ணீரும் குடித்துக்கொள்ளலாம். நான்கு டிவிடியில் வந்த 'லாஸ்ட் ஒடிஸி'க்கு இது ஒரு பொருட்டே இல்லை. நாற்பது, ஐம்பது மணி நேர கேமில் மூன்று தடவை எழுந்திருப்பதை யாரும் வசதிக்குறைவு என்று சொல்ல மாட்டார்கள்.

கதை முன்னால் போனாலும் உலகம் திறந்தே இருக்கும் கேமில்தான் சங்கடம். பழைய சிடி காலத்தில் இதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, 1997-இல் 'ஃபைனல் ஃபேண்டஸி 7' செய்தது: ஊர்கள், வரைபடம், சண்டை எல்லாவற்றையும் ஏறத்தாழ மூன்று சிடியிலும் திரும்பத் திரும்ப எழுதிவிட்டு, வீடியோக்களை மட்டும் பிரித்து வைத்தார்கள். அதனால் எந்த சிடி உள்ளே இருந்தாலும் எந்த ஊருக்கும் போகலாம். இன்னொன்று, 1999-இல் 'ஃபைனல் ஃபேண்டஸி 8' செய்தது: நான்காவது சிடிக்கு வந்தபின் ஊர்களுக்குள் நுழையவே முடியாது. காலம் சுருங்கிவிட்டது என்று கதை காரணம் சொல்லும். சிடியில் இடமில்லாததைக் கதை நாசூக்காக மூடி மறைத்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். முக்கியக் கதைக்கு வெளியே உள்ள கிளை வேலைகள் எல்லாவற்றையும் முடிக்க நினைத்து, ஞாபகமில்லாமல் நான்காவது சிடிக்குள் கால் வைத்தவர்களுக்கு அந்த நாசூக்கு ருசித்திருக்காது.

360-க்கு 2009-இல் வந்த 'ஸ்டார் ஓஷன்: தி லாஸ்ட் ஹோப்' மூன்றாவது வழியில் போனது. இதுதான் இருப்பதிலேயே மோசம். கிரகங்கள் மூன்று டிவிடிக்கும் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. கப்பலில் ஏறி எந்தக் கிரகத்துக்கும் திரும்பிப் போகலாம், தடையில்லை. போகிற கிரகம் வேறு டிஸ்க்கில் இருந்தால் டிஸ்க்கை மாற்ற வேண்டும். ஒரு கிரகத்துக் கடைக்காரர் கேட்கும் சாமான் இன்னொரு கிரகத்தில் கிடைக்கும். அதை எடுத்துவர ஒரு மாற்றல், கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மாற்றல். சட்டம் போட்டுத் தடுக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் சுங்கம் வசூலித்தார்கள். இரண்டு மூன்று தடவை எழுந்தபின் அந்தச் சின்ன வேலைகளை விட்டுவிடுவோம் என்றுதான் மனசு சொல்லும். பிறகு பிளேஸ்டேஷன் 3-க்கு ஒரே ப்ளூ-ரேயில் இதே கேம் வந்தபோது, ஒரு வரி கூட மாறாத அந்த வேலைகள் செய்யத் தக்கவை ஆகிவிட்டன.

மூன்று டிஸ்க்கையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டால் தீர்ந்ததே என்று கேட்கலாம். 2008 நவம்பர் அப்டேட்டுக்குப் பிறகு 360-இல் அந்த வசதி வந்தது. ஆனால் எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் இருந்தாலும், இரண்டாவது டிஸ்க்குக்கு உரிய பகுதி வந்தால் அந்த டிஸ்க்கை டிரைவில் போடச் சொல்லும். படிப்பதற்கு இல்லை; உங்களிடம் டிஸ்க் இருக்கிறதா என்று சரிபார்க்க. இடப்பற்றாக்குறையால் பிறந்த தொல்லை, இடம் கிடைத்தபிறகு காவல்காரனாக வேலைக்குச் சேர்ந்துகொண்டது.

2011 மே மாதம் வந்த 'எல்.ஏ. நோயர்' இந்த வெட்டலைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்தது. 1947-இன் லாஸ் ஏஞ்சலஸ், ஒரு துப்பறிவாளர், வழக்கு வழக்காக நகரும் கதை. நடிகர்களின் முகத்தை 32 கேமராக்களால் சுற்றிப் பிடித்து, கண் இமைப்பு வரை பதிவு செய்திருந்தார்கள். சாட்சி பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டே, அதனால் அதை மலிவாகச் சுருக்க வழியில்லை. பிளேஸ்டேஷன் 3-இல் ஒரு ப்ளூ-ரே, 360-இல் மூன்று டிவிடி. நகரம் மூன்று டிஸ்க்கிலும் இருந்தாக வேண்டும். மாறுவது வழக்குகளும் அவற்றில் வரும் முகங்களும்தான். வழக்கு முடிந்தால் கோப்பை மூடுகிறோம், கோடு அங்கே விழுகிறது. தொடர்ந்து விளையாடுபவருக்கு உறுத்தாது. பழைய வழக்கு ஒன்றை மறுபடி ஆட நினைப்பவர்தான் எழுந்திருக்க வேண்டும்.

டிஸ்க்குக்கும் விலை உண்டு

டிவிடி அச்சடிக்க என்ன பெரிய செலவு, பத்து போட்டால்தான் என்ன என்று தோன்றும். 'ரேஜ்' கேமைச் செய்துகொண்டிருந்த ஐடி சாஃப்ட்வேரின் ஜான் கார்மேக், 2008 குவேக்கான் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். 360 பதிப்புக்குப் படங்களை இன்னும் இறுக்கமாகச் சுருக்க வேண்டியிருக்கும், மூன்றாவது டிஸ்க் சேர்த்தால் மைக்ரோசாஃப்டுக்குக் கட்ட வேண்டிய உரிமத்தொகை கட்டுப்படியாகாது என்பது அவர் குறை. ரேஜ் உலகத்தில் ஒவ்வொரு பாறையும் ஒவ்வொரு சுவரும் தனித்தனியாகத் தீட்டப்பட்டவை. ஒரே செங்கல் படத்தை ஆயிரம் இடத்தில் ஒட்டும் வழக்கமான சிக்கனம் அதில் இல்லை. கடைசியில் 2011 அக்டோபரில் மூன்று டிஸ்க்கில்தான் வந்தது: இரண்டு கதைக்கு, ஒன்று பலர் சேர்ந்து ஆடுவதற்கு. முழுவதும் ஏற்ற 22 ஜிபி வேண்டும். தொடக்க கால 360-இல் இருந்த ஹார்டு டிஸ்க்கோ மொத்தமே 20.

ப்ளூ-ரே பக்கத்துச் சிரமம்

அப்படியானால் ப்ளூ-ரே வாங்கியவர்கள் சுகமாக இருந்தார்களா? டிஸ்க் மாற்றுவதிலிருந்து தப்பித்தார்கள். 2008 ஜூனில் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 4' இதை வைத்து ஒரு நகைச்சுவையே செய்தது. கதாநாயகன் ஸ்னேக் முதல் பாகத்தின் பழைய தளத்துக்குத் திரும்பி வரும் கட்டத்தில், நண்பன் ஒட்டகான் ரேடியோவில் வந்து டிஸ்க்கை மாற்றச் சொல்வான். பிறகு, அடடா, இது ப்ளூ-ரே அல்லவா, அதுவும் இரட்டை அடுக்கு, மாற்ற வேண்டியதில்லை என்பான். 1998-இல் அந்த முதல் பாகம் இரண்டு சிடியில் வந்ததை நினைவு வைத்திருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

ஆனால் அதே கேம் ஒவ்வொரு அத்தியாயம் தொடங்கும்போதும் ஹார்டு டிஸ்க்கில் இன்ஸ்டால் ஆகும். அது முடியும்வரை ஸ்னேக் சிகரெட் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காரணம் வேகம். பிளேஸ்டேஷன் 3-இன் ப்ளூ-ரே டிரைவ் நொடிக்கு 9 எம்பி படிக்கும். 360-இன் டிவிடி டிரைவ் டிஸ்க்கின் வெளிவட்டத்தில் 16 எம்பி வரை எட்டும், உள்வட்டத்தில் பாதிதான். கன்சோலின் 512 எம்பி நினைவகத்தை 9 எம்பி வேகத்தில் நிரப்பக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். கிடங்கு ஆறு மடங்கு பெரிதானது, வாசல் பெரிதாகவில்லை. அதே வருடம் வந்த 'டெவில் மே க்ரை 4' பிளேஸ்டேஷன் 3-இல் முதல் தடவை இன்ஸ்டால் ஆக இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. 360-இல் டிஸ்க்கைப் போட்டவுடன் ஓடியது.

டிஸ்க்கில் இடம் இருப்பதன் மறைமுகப் பயன் ஒன்றும் உண்டு. லேசர் டிஸ்க்கின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தாவுவதுதான் அதிக நேரம் பிடிக்கும் வேலை. வீட்டில் எந்த அறையில் கரண்ட் போனாலும் கைக்கு எட்ட வேண்டும் என்று அறைக்கொரு தீப்பெட்டி வைப்பது மாதிரி, அடிக்கடி தேவைப்படும் பொருளைப் பல இடங்களில் எழுதி வைத்தால் தாவல் குறையும். இடம் தாராளமாக இருந்தால்தான் இந்தத் தந்திரம் நடக்கும். 7 ஜிபிக்குள் முடங்கியவர்களுக்கு அதற்கும் வழியில்லை.

ஜிடிஏ 5 போட்ட கோடு

இப்போது 2013-க்கு வரலாம். ஜிடிஏ 5-இல் மூன்று நாயகர்கள்: மைக்கேல், ஃபிராங்க்ளின், டிரெவர். நினைத்த நொடியில் ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தாவலாம். கேமரா வானத்துக்கு ஏறும், நகரைக் கடந்து போகும், பாலைவனத்தில் இறங்கும். அங்கே டிரெவர் ஏதாவது ஏடாகூடத்தில் இருப்பான். கதைப்படி வெட்டலாமா? மூவர் கதையும் பின்னிக்கிடக்கிறது. இடப்படி வெட்டலாமா? வடக்கே பாலைவனம் ஒரு டிஸ்க், தெற்கே நகரம் ஒரு டிஸ்க் என்று வைத்தால், ஆள் மாறும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போக வேண்டும். கேமின் ஆதார யோசனையே செத்துப்போகும்.

ராக்ஸ்டார் கோட்டைக் கேமுக்குள் போடாமல் கன்சோலுக்குள் போட்டது. தகவலில் 8 ஜிபி ஹார்டு டிஸ்க்கிலிருந்து வரும், மீதி டிவிடியிலிருந்து வரும், இரண்டும் ஒரே சமயத்தில். ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் முனை ஒரு பக்கம் தெருவைக் கொண்டுவந்து தர, லேசர் இன்னொரு பக்கம் வேறொன்றைக் கொண்டுவரும். வண்டி 150 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது அடுத்த தெரு நேரத்துக்கு வந்து சேர இந்த இரட்டை வரத்துதான் காரணம். பிளேஸ்டேஷன் 3-இலும் இதே ஏற்பாடு: 8 ஜிபி கட்டாய இன்ஸ்டால், மீதி ப்ளூ-ரேயில்.

இரண்டாவது டிஸ்க்கை இன்ஸ்டால் செய்ய வேண்டாம் என்ற அறிவுரையின் அர்த்தம் இதுதான். அதையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினால் இரண்டு வேலையும் ஒரே முனையின் தலையில் விழும். சாலையின் தோற்றம் தாமதமாக வரும், மரங்கள் கண்முன்னே முளைக்கும். வெளியானதும் பலர் அப்படிச் செய்து பார்த்துவிட்டுப் புலம்பினார்கள். இரண்டாவது டிஸ்க்கை யுஎஸ்பி ஸ்டிக்கில் ஏற்றினால் பிரச்சினை வரவில்லை, ஏனென்றால் அப்போதும் வரத்து இரண்டு. பிளேஸ்டேஷன் 3-இல் கடைக்குப் போகாமல் நெட்டிலிருந்து இறக்கியவர்களுக்கும் இதே கதி: எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் இருந்ததால் டிஸ்க் வாங்கியவரைவிட அவர்களுக்குப் படம் தாமதமாக நிரம்பியது. வசதி என்று நினைத்துச் செய்ததே வசதியைக் குறைத்த அபூர்வமான கேம்.

இதில் அடிபட்டவர்கள் ஹார்டு டிஸ்க் இல்லாத 360-ஐ மலிவாக வாங்கியவர்கள். அவர்களுக்கு 16 ஜிபி அளவும் நொடிக்கு 15 எம்பி வேகமும் உள்ள யுஎஸ்பி ஸ்டிக் வாங்கச் சொன்னார்கள். 2005-இல் மிச்சப்படுத்திய 100 டாலரில் கொஞ்சம் அங்கே போனது.

அப்புறம்

இரண்டு மாதத்தில் பிளேஸ்டேஷன் 4-உம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் வந்தன. இரண்டிலும் ப்ளூ-ரே, இரண்டிலும் எல்லா கேமும் முழுதாக ஹார்டு டிஸ்க்கில் ஏறியாக வேண்டும். 360-உம் பிளேஸ்டேஷன் 3-உம் தலா 8 கோடிக்கு மேல் விற்றிருந்தன, ஆகவே டிவிடியால் மைக்ரோசாஃப்ட் தோற்றது என்று சொல்ல முடியாது. 2018-இல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' பிளேஸ்டேஷன் 4-க்கு இரண்டு ப்ளூ-ரேயாக வந்தபோது ஒருவரும் முனகவில்லை. முதல் டிஸ்க் ஒரே ஒரு தடவை, அதற்குப் பிறகு அது பெட்டியில்.

டிஸ்க்கின் எண்ணிக்கை சிலருக்கு வரமாகவும் இருந்தது. ஜிடிஏ 5-இன் பிசி பதிப்பு 2015 ஏப்ரலில் ஏழு டிவிடியில் வந்தது. மேல்நாட்டில் இதைக் கிண்டலடித்தார்கள். அந்த வருடம் நம்மூர் பிராட்பேண்ட் திட்டங்களில், மாத வரம்பைத் தாண்டினால் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்குவது சகஜம். அந்த வேகத்தில் 60 ஜிபி இறங்க இரவு பகலாக ஓடினாலும் 10 நாளுக்கு மேல் ஆகும். ஏழு டிவிடியை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் ஒரு சாயங்காலத்தில் வேலை முடிந்தது.

தீப்பெட்டித் தந்திரம் ஹார்டு டிஸ்க் காலத்திலும் தொடர்ந்தது. 2020 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 5-ஐ விளக்கிய அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி, முந்தைய 'ஸ்பைடர்-மேன்' கேமில் தெருவோரத் தபால்பெட்டி போன்ற பொருட்கள் ஹார்டு டிஸ்க்கில் 400 தடவை எழுதப்பட்டிருந்ததாகச் சொன்னார். சுழலும் தட்டோ முனையோ இல்லாத எஸ்எஸ்டி வந்ததும் அந்தப் பிரதிகளுக்கு வேலை போயிற்று.

கொள்ளளவுப் பஞ்சம் இப்போது டிஸ்க்குக்குப் பதிலாகக் கேம் விற்கும் சின்ன மெமரி கார்டுக்கு வந்திருக்கிறது. மூன்று டிவிடியில் வந்த அதே 'எல்.ஏ. நோயர்', 2017-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்குக் கார்டாக வந்தது. கார்டைக் காசு கொடுத்து வாங்கிய பிறகும் 14 ஜிபியை நெட்டிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. பெரிய கார்டுக்கு விலை அதிகம். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இல் இன்னும் ஒரு படி மேலே போய் 'கேம்-கீ கார்டு' என்று விற்கிறார்கள். அதற்குள் கேமே கிடையாது, இறக்கிக்கொள்ளும் உரிமை மட்டும். எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் விளையாட வேண்டுமென்றால் கார்டு உள்ளே இருந்தாக வேண்டும். ஆடி முடித்தபின் இன்னொருவருக்கு விற்கலாம், இரவல் கொடுக்கலாம். கையில் ஒரு பொருளாக வாங்குவதில் மிஞ்சியிருக்கும் லாபம் அவ்வளவுதான்.